முதுகு திறந்த கிட்டார்

தசரா நாட்களில் மைசூரில் இரண்டு விதமான கச்சேரிகள் நடக்கும். அரண்மனை முன்மேடையில் வீணை, வயலின், மிருதங்கம். ஊரின் இன்னொரு பக்கம், பல ஆண்டுகள் மகாராஜா கல்லூரி மைதானத்தில் நடந்த யுவ தசராவில் டிரம்ஸ், கீபோர்டு, எலக்ட்ரிக் கிட்டார். இந்த இரண்டாம் வகைக் கச்சேரியில் மேடைக்கு அருகே இடம் பிடித்தவர்கள், கிட்டார்க்காரர் பாட்டுக்குப் பாட்டு வாத்தியத்தை மாற்றும்போது அதன் முதுகைப் பார்த்துவிடலாம். முன்பக்கம் அத்தனை மெருகு, அத்தனை வண்ணம். பின்பக்கம் பார்த்தால் ஒரு செவ்வகக் குழி. குழிக்குள் மூன்றோ ஐந்தோ ஸ்பிரிங்குகள், ஒரு இரும்புக்கட்டை, பற்றவைத்த ஒரு ஒயர். குழியைச் சுற்றி ஆறு திருகாணித் துளைகள் சும்மா கிடக்கும். மூடி இருக்க வேண்டிய இடம் அது. மூடியைக் காணோம்.

ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கிட்டார் வைத்திருப்பவர்களில் ஏராளமானோர் உலகெங்கும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். "தந்தி மாத்த வசதி" என்பது ஒன்று. "திறந்து வெச்சா சத்தம் நல்லா வருது" என்பது மற்றது. முதல் பதிலுக்குப் பின்னால் ஒரு அழகான இயந்திரவியல் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது தவறு என்பது என் கட்சி. ஆனால் அது ஏன் தவறு என்று தேடிப்போனால், எலக்ட்ரிக் கிட்டார் எப்படிப் பாடுகிறது என்பதே விளங்கிவிடும். எனவே அதையும் விடப்போவதில்லை.

அந்தக் குழி எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். கிட்டார் செய்து பெரும்பேர் எடுத்த இந்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். 1950-களில் அமெரிக்கக் கன்ட்ரி இசைக் குழுக்களில், ஹவாய் பாணி ஸ்டீல் கிட்டாரின் வழுக்கிச் செல்லும் சுரங்களுக்கு நல்ல மவுசு. சாதாரணக் கிட்டாரிலும் சுரத்தை அப்படி இறக்கி ஏற்ற ஒரு கைப்பிடி வேண்டும் என்று கலைஞர்கள் கேட்டார்கள். ஃபெண்டரோடு சேர்ந்து வடிவமைத்த ஃப்ரெடி டவாரெஸ், ஹவாயில் பிறந்த ஸ்டீல் கிட்டார் கலைஞர். கேட்பவர்களின் ஆசை அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

முதலில் செய்துபார்த்த அமைப்பில் தந்திகள் சிறு உருளைகள் மேல் ஓடின. சுரம் நெளிந்தது, நாதம் நிற்கவில்லை. மீட்டிய மாத்திரத்தில் செத்துப்போகும் ஒலி. ஃபெண்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வழிக்குப் போனார். தந்திகள் வந்து அமரும் பிரிட்ஜின் அடியில் கனமான ஒரு இரும்புக்கட்டையைத் திருகி, அது மரத்தைக் குடைந்து முதுகுப்பக்கம் வரை இறங்கும்படி செய்தார். கட்டை கனமாக இருந்தால் தந்தியின் அதிர்வை எளிதில் விழுங்காது, பெரும்பகுதியைத் தந்திக்கே திருப்பி அனுப்பும். தந்தியின் நுனியில் உள்ள குண்டு இந்தக் கட்டைக்குள்தான் போய் மாட்டிக்கொள்ளும். 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டர் வெளிவந்தது. 1956-இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது.

ஒரு தந்தியின் சுருதி மூன்று விஷயங்களைப் பொறுத்தது: நீளம், கனம், எவ்வளவு முறுக்கி இழுத்திருக்கிறோம் என்பது. மூன்றாவதை இழுவிசை என்கிறோம். இழுவிசைக்கும் சுருதிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல நேரானதில்லை. இதைச் சோதித்துக் காட்டியவர் கலீலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி. இத்தாலிய வீணை எனலாம், லூட் என்ற வாத்தியம் வாசித்தவர். தந்தியில் எடைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கீழ் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்துக்குப் போக எடையை இரட்டிப்பாக்கினால் போதும் என்று பல நூற்றாண்டுகளாக ஏடுகளில் எழுதிவைத்திருந்தார்கள். அது எடுபடவில்லை. நான்கு மடங்கு எடை வேண்டியிருந்தது. 1580-களின் இறுதியில் அவர் இதை எழுதினார். பையனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பின்னாளில் பையன் பொருள்களைச் சாய்தளத்தில் உருட்டி அளந்தபோது, வீட்டிலே பார்த்த பழக்கம் கைகொடுத்திருக்கலாம் என்று சரித்திரக்காரர்கள் சொல்வதுண்டு.

அந்த உறவின்படி ஒரு அரைச்சுரம் உயர வேண்டுமானால் இழுவிசையை ஏறக்குறைய 12 சதவீதம் கூட்ட வேண்டும். சட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்குப் போவது போன்ற முழுச்சுரத் தாவலுக்குக் கால்பங்குக்குச் சற்று மேல். ஃபெண்டரின் கைப்பிடி செய்வதெல்லாம் இதுதான்: ஆறு தந்திகளின் இழுவிசையையும் ஒரே அசைவில் குறைப்பது, கூட்டுவது. கைப்பிடியைக் கிட்டாரின் உடலை நோக்கி அழுத்தினால் பிரிட்ஜ் முன்பக்கம் சாயும், தந்திகள் தளரும், சுரங்கள் இறங்கும். வெளியே இழுத்தால் தந்திகள் விறைத்துச் சுரங்கள் ஏறும்.

கையை எடுத்தபின் பிரிட்ஜ் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டுமே. அதற்குத்தான் ஸ்பிரிங்குகள். பிரிட்ஜின் முன்விளிம்பு ஆறு திருகாணிகளின் மேல் கத்தி முனைபோலப் பொருந்தி நிற்கிறது. மேலே தந்திகள் அதைக் கழுத்துப்பக்கம் இழுக்கின்றன. கீழே முதுகுக் குழியில், கட்டையின் அடிப்பகுதியை ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கின்றன. ஸ்பிரிங்குகளின் மறுமுனை மரத்தில் திருகிய ஒரு கொக்கித் தகட்டில் மாட்டியிருக்கும். தராசு போலத்தான். ஒரு தட்டில் தந்திகள், இன்னொரு தட்டில் ஸ்பிரிங்குகள். முள் நிற்கும் இடம்தான் சுருதி. தராசுத் தண்டின் கைகள் இரண்டும் சம நீளமாக இல்லை என்பது மட்டும் வித்தியாசம். தந்திகள் சுழல்முனைக்கு அருகே இழுக்கின்றன, ஸ்பிரிங்குகள் தள்ளி இருந்து இழுக்கின்றன. அதனால் தந்திகளைவிடக் குறைந்த விசையிலேயே ஸ்பிரிங்குகளால் அவற்றைத் தாங்கிவிட முடிகிறது.

தாங்கும் சுமை சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. சன்னமான தந்தித் தொகுதி ஒன்றை வழக்கமான சுருதியில் ஏற்றினால் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 38 கிலோ எடைக்குச் சமம். ஒரு படி தடித்த தொகுதிக்கு மாறினால் 47 கிலோவைத் தொடும். கடையில் "ஒன்பது", "பத்து" என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்த இரண்டு தொகுதிகளைத்தான் சொல்கிறேன். மிக மெல்லிய தந்தியின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பதா பத்தா என்பதே கணக்கு. கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு தட்டில் எட்டொன்பது கிலோவைக் கூட்டிவிடுகிறது. தராசு சாயும். பிரிட்ஜின் பின்விளிம்பு மேலே எழும்பும். சரிசெய்ய வேண்டுமென்றால் கொக்கித் தகட்டின் திருகாணிகளை முடுக்க வேண்டும், அல்லது இன்னொரு ஸ்பிரிங் மாட்ட வேண்டும். இரண்டும் இருப்பது மூடிக்கு அடியில்.

இனி மூடிக்கு வரலாம். ஃபெண்டர் செய்த மூடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு. அதில் ஆறு துளைகள். தந்தியை முதுகுப்பக்கத்திலிருந்து இந்தத் துளை வழியே நுழைத்து, இரும்புக்கட்டையின் துளைக்குள் செலுத்தி, முன்பக்கம் எடுத்துக் கழுத்துவரை கொண்டுபோய்ப் பிரடையில் சுற்ற வேண்டும். வரைபடத்தில் எல்லாம் நேர்கோட்டில் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் இருக்கும் பிரிட்ஜ், தொழிற்சாலை வைத்த கோணத்திலேயே நிற்கும் பிரிட்ஜ். வாசிப்பவரோ தன் கைக்கும் தன் தந்திக்கும் ஏற்ப அதை வேறு கோணத்தில் வைத்துக்கொள்கிறார். கைப்பிடியை இரு திசையிலும் அசைக்க வேண்டுமென்பவர்கள் பின்விளிம்பு உடலைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி விடுவார்கள். மிதக்கும் பிரிட்ஜ் என்று அதற்குப் பெயர். பின்விளிம்பு மூன்று மில்லிமீட்டர் எழும்பினால், நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் கட்டையின் அடிமுனையும் ஏறக்குறைய அதே அளவு வால்பக்கம் நகர்ந்துவிடும். தந்தியின் குண்டு சுமார் நான்கு மில்லிமீட்டர் அகலம். துளைக்கு நேராகத் துளை இல்லை. குண்டு உள்ளே போகாது.

இது வாசிப்பவர்களின் புலம்பல் மட்டும் என்று எண்ண வேண்டாம். மூடியின் வரலாறே சாட்சி சொல்கிறது. 1954-இன் தொடக்கத்தில் வந்த மூடிகளில் ஆறு வட்டத் துளைகள் இருந்தன. விரைவிலேயே அவை நீள்வட்டமாயின. பின்னாளில் வந்த சில மாடல்களில் ஆறு துளைகளையும் எடுத்துவிட்டு ஒரே அகன்ற திறப்பாக வெட்டினார்கள். துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். வாசிப்பவர்கள் அந்தப் பாதையின் கடைசிப் படிக்கு ஒரேயடியாகப் போய் மூடியையே எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மேடையில் இது இன்னும் அவசரமான காரியம். மிதக்கும் பிரிட்ஜ் வைத்த கிட்டாரில் பாட்டின் நடுவே ஒரு தந்தி அறுந்தால் போவது அந்த ஒரு தந்தி மட்டுமல்ல. தட்டிலிருந்து ஆறேழு கிலோ திடீரென்று குறைகிறது. ஸ்பிரிங்குகள் வெல்கின்றன, பிரிட்ஜ் பின்னால் சாய்கிறது, மிச்சமிருக்கும் ஐந்து தந்திகளும் விறைத்துச் சுருதி ஏறிவிடுகின்றன. நல்ல வாசிப்பாளருக்குக்கூட அதைச் சமாளித்துப் பாட்டை முடிப்பது கடினம். அந்த நேரத்தில் ஆறு திருகாணிகளைக் கழற்றி, மூடியை எடுத்து, தந்தி மாற்றி, திரும்பப் பூட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள். அதோடு, அந்தத் திருகாணிகள் நேராக மரத்தில் இறங்குபவை. மாதம் இருமுறை கழற்றிப் பூட்டினால் துளைகள் தளர்ந்து திருகாணி பிடிக்காமல் போகும். பூட்டாமல் விடுவதில் இந்த ஒரு லாபமும் உண்டு.

மைசூரின் அக்டோபர் இரவு இன்னொரு சங்கதியைக் கிளப்பும். மாலையில் ஒலிச்சோதனை நடக்கும்போது இருக்கும் வெப்பம் இரவில் இருக்காது. எஃகு குளிர்ந்தால் சுருங்கும், தந்தி விறைக்கும். எவ்வளவு என்று தோராயமாகக் கணக்கிடலாம். மரத்தின் சுருக்கத்தை விட்டுவிட்டு எஃகை மட்டும் எடுத்துக்கொண்டால், 10 டிகிரி குறையும்போது மெல்லிய முதல் தந்தியின் சுருதி அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்குபோல உயரும். மூன்றாம் தந்தியிலோ அரைச்சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு! அபசுரம் யாருக்கும் கேட்கும். ஒரே எஃகு, ஒரே குளிர். ஏன் இந்தப் பாரபட்சம்? மூன்றாம் தந்தி தடித்தது, ஆனால் தடிமனுக்கு ஏற்ற அளவு அது நீட்டப்படவில்லை. முதல் தந்தி தன் நீளத்தில் நூற்றில் முக்கால் பங்குபோல நீண்டு நிற்கிறது. மூன்றாம் தந்தி கால் பங்குதான். கொஞ்சமாக நீண்டிருக்கும் தந்தியில் நீளம் ஒரு சிட்டிகை மாறினாலும் இழுவிசை பெரிதாக மாறும். கைப்பிடியை அசைக்கும்போது மூன்றாம் தந்தி மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக நெளிவதற்கும், எந்தக் கிட்டார்க்காரரைக் கேட்டாலும் அந்தத் தந்தியைத் திட்டுவதற்கும் இதுவே காரணம். தந்திகளின் மொத்த இழுவிசை மாறும்போது மிதக்கும் பிரிட்ஜின் கோணமும் கொஞ்சம் மாறும். ஆக, பின்னால் கைவைக்க வேண்டிய தேவை தந்தி அறுந்தால்தான் வரும் என்பதில்லை.

கர்நாடக சங்கீதம் வாசிப்பவருக்கு மிதக்கும் பிரிட்ஜில் இன்னொரு இக்கட்டு உண்டு. எலக்ட்ரிக் கிட்டாரில் நம் சங்கீதத்தை வாசித்த பிரசன்னா போன்றவர்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கமகம் இல்லாமல் ராகம் இல்லை. தந்தியைப் பக்கவாட்டில் தள்ளியோ இழுத்தோ சுரத்தை வளைப்பது கமகத்துக்கான ஒரு வழி. ஒரு தந்தியை முழுச்சுரம் உயர இழுத்தால் அதன் இழுவிசை ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடுகிறது. அந்த ஒன்றரை கிலோ தராசின் தந்தித் தட்டில் விழுகிறது. பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது. மற்ற ஐந்து தந்திகளும் இறங்குகின்றன. கூடவே ஒரு தந்தியைச் சட்ஜத்துக்காக ஒலிக்கவிட்டிருந்தால் அந்தச் சட்ஜமே வழுக்கிப்போகும். வளைத்த தந்தியும் எதிர்பார்த்த உயரத்துக்குப் போகாமல் இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொல்லும்.

வீணையில் இந்தத் தொல்லை கிடையாது. வீணை மேதைகள் சேஷண்ணாவும் துரைசாமி ஐயங்காரும் வாசித்த மைசூரில் இதைச் சொல்லத் தேவையில்லை. ஒரே மெட்டில் விரலை வைத்து இரண்டு மூன்று சுரங்கள் இழுத்தாலும் பக்கத்திலிருக்கும் தாளத் தந்திகள் அசையாமல் சட்ஜ பஞ்சமம் பாடிக்கொண்டிருக்கும். வீணையின் குதிரை நகராது என்பதே காரணம். எல்லாத் தந்தியும் ஊன்றி நிற்கும் இடம் நகர்ந்தால் ஒரு தந்தியின் கமகம் மற்ற எல்லாத் தந்திக்கும் தொற்றிக்கொள்ளும். மேற்கிலும் இதை உணர்ந்தவர்கள் உண்டு. எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராடோகாஸ்டர்களின் முதுகுக் குழியில் ஒரு மரத்துண்டைச் செருகி பிரிட்ஜை அசையவிடாமல் செய்துவிடுவார். ஜெஃப் பெக் நேரெதிர். அவருடைய பிரிட்ஜ் மிதந்தது, கைப்பிடி அவருடைய குரலாகவே ஆகிவிட்டது. அசையாமல் கட்டிவிட்ட கிட்டாரில் துளைகள் நகராது. மூடியைப் பூட்டி வைத்தால் தந்தி மாற்ற இடைஞ்சல் அதிகம் இருக்காது. இருந்தும் பலர் பூட்டுவதில்லை. அதற்குப் பழக்கம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரிந்ததில்லை.

இனி "சத்தம் நல்லா வருது" என்ற கட்சி. இந்த எண்ணம் ஏன் பிறக்கிறது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. நம் வாத்தியங்களில் பெரும்பாலானவை காற்றைக் கொண்டுதான் பாடுகின்றன. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் ஒலியை மாற்றுவதைப் பார்த்திருப்போம். வாய் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று ஒருவிதமாக ஒத்ததிர்கிறது, மூடினால் வேறுவிதம். வீணையின் குடம், வயலினின் வயிறு எல்லாம் தந்தியின் மெலிந்த அதிர்வைப் பெரிய பரப்பில் வாங்கிக் காற்றுக்குக் கடத்துபவை. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் அதுவும் போதாமல் இருந்தது. மைசூரை அடுத்த திருமகூடலு நரசிபுரத்தில் பிறந்த சௌடையா, பெரிய கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று வயலினில் கூடுதல் தந்திகளைக் கட்டி ஏழு தந்தி வயலின் வாசித்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளிருக்கும் நாதம் வெளியே வரும் என்ற எண்ணம் இப்படிப்பட்ட வாத்தியங்களோடு பழகிய காதுக்கு இயல்பாக வருவது.

ஸ்ட்ராடோகாஸ்டரில் திறப்பதற்குப் பெட்டியே இல்லை. கெட்டி மரம். மேடையில் நாம் கேட்கும் ஒலி மரத்திலிருந்தோ குழியிலிருந்தோ வருவதில்லை. தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பிலிருந்து வருகிறது. பிக்கப் என்பது சிறு காந்தங்கள், அவற்றைச் சுற்றித் தலைமயிரைப்போல மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். எஃகுத் தந்தி காந்தத்துக்கு மேலே அசைந்தால் காந்தப்புலம் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்சாரத்தைக் கிளப்புகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல். அந்தச் சிறு மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையர் பெருக்குகிறது. காற்று இந்தக் கதையில் ஒலிபெருக்கியின் வாயில்தான் முதன்முதலாக நுழைகிறது.

நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்யலாம். எலக்ட்ரிக் கிட்டாரில் ஒரே ஒரு எஃகுத் தந்தியைக் கழற்றிவிட்டு நைலான் தந்தி மாட்டுங்கள். காதை வாத்தியத்தின் அருகே வைத்தால் அது மீட்டுவது கேட்கும். ஆம்ப்ளிஃபையரிலோ அநேகமாக ஒன்றும் வராது. நைலான் காந்தத்தை அசைக்காது. காற்றில் வரும் ஒலிக்குப் பிக்கப் செவிடு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. அப்படியானால் முதுகுக் குழியின் காற்று திறந்திருந்தாலென்ன, மூடியிருந்தாலென்ன?

ஆனால் திறந்தபின் வித்தியாசம் கேட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே கையால் ஒரே தந்தியை இருமுறை மீட்டினாலே இரண்டு ஒலிகளும் ஒன்றாக இருப்பதில்லை. விரல் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பட்டாலும் நிறம் மாறும். மூடியைக் கழற்றிய கையோடு புதுத் தந்தியும் மாட்டியிருப்பார்கள், புதுத் தந்தி பளிச்சென்று ஒலிக்கும். பாராட்டு மூடிக்குப் போய்விடும். சரியாகச் சோதிக்க வேண்டுமானால் மீட்டுபவருக்கும் கேட்பவருக்கும் மூடி இருக்கிறதா இல்லையா என்று தெரியக்கூடாது. பலமுறை மாற்றி மாற்றிப் பதிவுசெய்து, கேட்பவர் ஊகம் எத்தனை முறை சரியாகிறது என்று எண்ண வேண்டும். மருந்துச் சோதனைகளில் பின்பற்றும் அதே முறை. மூடி ஒலியைக் கெடுக்கும் ஒரு சந்தர்ப்பம் எனக்குத் தெரியும்: திருகாணி தளர்ந்து, உரத்த ஆம்ப்ளிஃபையருக்கு எதிரில் அது கடகடவென்று ஆடுவது. அதற்கு மருந்து, முடுக்குவது அல்லது கழற்றுவது.

குழி முற்றிலும் ஊமை என்றும் சொல்லிவிட முடியாது. காற்று பாடாவிட்டாலும் ஸ்பிரிங்குகள் பாடும். ஒரு சத்தமான ஸ்வரக்கூட்டை மீட்டி, உடனே உள்ளங்கையால் எல்லாத் தந்தியையும் அமுக்குங்கள். தந்தி நின்றபின்னும் எங்கோ குகைக்குள் இருந்து வருவதுபோல ஒரு மெல்லிய ரீங்காரம் தொடரும். தந்தியின் அதிர்வு பிரிட்ஜ் வழியே கட்டைக்கு இறங்கி, கட்டையிலிருந்து ஸ்பிரிங்குகளுக்குப் போகிறது. ஸ்பிரிங்குகளுக்கென்று சொந்த அதிர்வெண்கள் உண்டு. அவற்றில் அவை ஆடிக்கொண்டிருக்கின்றன, வந்த வழியே பிரிட்ஜையும் தந்தியையும் திரும்ப அசைக்கின்றன, பிக்கப் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்பிரிங்கைக் கொண்டு எதிரொலி செய்வது தனிக் கலையாகவே வளர்ந்தது. தொலைதூரத் தொலைபேசியில் குரல் தாமதமாகப் போவதைப் போலச் செய்துகாட்ட பெல் ஆய்வகத்தில் ஸ்பிரிங் கருவி வைத்திருந்தார்கள். ஹாமண்ட் ஆர்கன் நிறுவனம் அந்த யோசனையை வாங்கித் தன் வாத்தியத்தில் மண்டபத்தின் எதிரொலியைக் கொண்டுவந்தது. ஃபெண்டரும் 1961-இல் தனிப்பெட்டியாகவும், 1963-இல் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயும் ஸ்பிரிங் எதிரொலியை வைத்து விற்றார். கிட்டாரின் முதுகில் இருப்பது வேண்டாமலே வந்து சேர்ந்த அதன் சின்னத் தம்பி.

வேகமாக நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் மெட்டல் இசைக்காரர்களுக்கு இந்த ரீங்காரம் ஆகாது. ஸ்பிரிங்குகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சையோ மடித்த துணியையோ செருகிவிடுவார்கள். சிலருக்கோ அதுவே வேண்டும். கிட்டாரைத் திருப்பிப் பிடித்து ஸ்பிரிங்குகளை விரலால் சுண்டி மேடையில் விநோத ஒலி எழுப்புவார்கள். இரண்டு தரப்புக்கும் மூடி இல்லாதது சௌகரியம்.

அந்தக் குழிக்குள் பற்றவைத்த ஒயர் ஒன்று இருக்கிறது என்றேனே, அது தரை இணைப்பு. கொக்கித் தகட்டிலிருந்து ஸ்பிரிங்குகள், கட்டை, பிரிட்ஜ் வழியாகத் தந்திகள் வரை எல்லாம் உலோகம் என்பதால், அந்த ஒரு ஒயர் ஆறு தந்திகளையும் தரையோடு இணைத்துவிடுகிறது. சுற்றியுள்ள மின்கம்பிகளும் விளக்குகளும் கிளப்பும் இரைச்சலை நம் உடம்பே ஏரியல்போல வாங்கிப் பிக்கப்புக்குக் கொடுக்கும். தந்தியைத் தொட்டதும் உடம்பும் தரையோடு சேர்ந்துவிடுவதால் இரைச்சல் தணிகிறது. கிட்டார்க்காரர் கையை எடுத்ததும் "ம்ம்ம்" என்று கேட்பதும், வைத்ததும் அடங்குவதும் இதனால்தான். இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுவதால் நம் ஊர் இரைச்சல் மேற்கத்திய "ஜி" சுரத்துக்குச் சற்று மேலே நிற்கும். அமெரிக்காவில் 60 என்பதால் அது வேறு சுருதி. எந்த நாட்டில் பதிவானது என்று காது கூர்மையானவர்கள் சொல்லிவிடலாம். இந்தத் தரை இணைப்புக்கு ஒரு ஆபத்தான முகமும் உண்டு. எர்த்திங் சரியில்லாத மேடையில் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் பட்டால் ஷாக் அடிக்கும். மைக்கில் வாயை வைக்குமுன் தந்தியால் மைக்கை லேசாகத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அனுபவசாலிகளிடம் உண்டு.

பிளாஸ்டிக் மூடி இந்த இரைச்சலைத் தடுப்பதில்லை, அதை எடுப்பதால் இரைச்சல் கூடுவதுமில்லை. ஆனால் கிட்டாரின் முதுகில் மூடி என்று எதைப் பார்த்தாலும் கழற்றிவிடலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிப்சனின் லெஸ் பால் போன்றவற்றில் முதுகுமூடிக்கு அடியில் இருப்பது ஸ்பிரிங் இல்லை. ஒலியளவுக் குமிழ்களின் மின்சுற்று. பலர் அந்த மூடியின் உட்புறத்தில் செப்புத்தாளோ அலுமினியத்தாளோ ஒட்டித் தரையோடு இணைத்து, இரைச்சலுக்குக் கவசமாக்கி வைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் கவசம் போய்விடும், வியர்வையும் உள்ளே போகும்.

தந்தி நுழைக்கும் சிக்கலை அடியோடு ஒழித்த அமைப்பும் வந்தது. ஃப்ளாய்ட் ரோஸ் என்பவர் தந்தியின் இரு முனைகளையும் இடுக்கிபோலப் பூட்டும் பிரிட்ஜ் அமைப்பு ஒன்றுக்கு 1979-இல் காப்புரிமை பெற்றார். அதில் தந்தியை முன்பக்கத்திலிருந்தே மாட்டலாம். இருந்தும் அந்தக் கிட்டார்களிலும் பலர் மூடியைப் பூட்டுவதில்லை, ஸ்பிரிங்கை முடுக்கும் வேலை இன்னும் பின்பக்கம்தானே இருக்கிறது.

பின்மூடிக்கு முன்பக்கத்திலும் ஒரு தோழன் இருந்தான். பிரிட்ஜை மறைக்க ஃபெண்டர் ஒரு குரோம் கவசம் வைத்து விற்றார். உள்ளங்கையை பிரிட்ஜில் வைத்துத் தந்தியை அமுக்க அது தடையாக இருந்ததால் வாங்கிய கையோடு கழற்றினார்கள். கவிழ்த்து வைத்து சிகரெட் சாம்பல் தட்டினார்கள். அதற்கு "ஆஷ்ட்ரே" என்ற பெயரே நிலைத்துவிட்டது. கழற்றிய இரண்டும் பெட்டியடியில் கிடந்தன, வீடு மாறும்போது தொலைந்தன. அதனால் இன்று 1950-களின் ஸ்ட்ராடோகாஸ்டரை அதே பழைய பாகங்களோடு முழுதாகச் சேர்க்க நினைக்கும் சேகரிப்பாளர்கள், அந்தக் காலத்து அசல் பிளாஸ்டிக் தகடு ஒன்றுக்கு மட்டும் ஒரு புதுக் கிட்டாருக்குக் கொடுக்கும் அளவு பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அதிலும் வட்டத் துளையா நீள்வட்டத் துளையா என்று முதலில் பார்ப்பார்கள்.